நான்கு மாலுக்குள்

வள்ளியூர்க் கோர்ட்டுக்கு எதிர்மாடி.
கீழே ஜெராக்ஸ் மிஷின் சூடாகி மூச்சு வாங்குகிறது.
மனுவின் ஒன்பதாம் பத்தியில்
ஒரு சொல் கிடைக்காமல் நிற்கிறேன்.

வக்கீல் சொல்லிவிட்டுப் போனது இவ்வளவுதான்:
"உலகப் பிரகடனம், பதினேழாவது பிரிவு.
தமிழிலேயே போடு. நீதிபதி படிக்கட்டும்."

ஒவ்வொருவருக்கும் சொத்து வைத்துக்கொள்ள உரிமை உண்டு,
தனியாகவும், பிறரோடு சேர்ந்தும்.

எதிர் நாற்காலியில் ஆவுடைத்தங்கம்.
மடியில் மஞ்சள் பை, பைக்குள் கூட்டுப்பட்டா.
பட்டாவில் ஒன்பது பேர்.
ஐந்து பேர் மண்ணுக்குள்.
ஒருவர் தாராவியில் சிமெண்டு மூடைக்குக் கணக்கெழுதுகிறார்.
ஒருத்தி கொழும்பிலிருந்து
தொண்ணூறோடு கடிதத்தை நிறுத்திக்கொண்டவள்.
மிச்சம் சுயம்புலிங்கமும் இவளும்.

'பிறரோடு சேர்ந்து' என்று வாசித்துக் காட்டினேன்.
"எங்கவே சேந்தோம்?
பேருதான் சேந்து கெடக்கு."

முப்பத்தேழு சென்ட்.
போன ஆடியில் சுயம்புலிங்கம்
செத்துப்போன ஊய்க்காட்டானையும் எழுப்பிக் கைநாட்டு வைக்கச் சொல்லி
காற்றாலைக்குக் கொடுத்துவிட்டான்.
ஊய்க்காட்டான் இருந்த காலத்தில்
அழகாகக் கையெழுத்துப் போடுவாராம்.
செத்த பிறகுதான் கைநாட்டு.

இப்போது மூன்று இறக்கை சுற்றுகிறது.
முருங்கை வரிசைமேல்
பகலெல்லாம் நிழலை வெட்டி வெட்டிப் போடுகிறது.

பிரிவின் இரண்டாம் வரி:
எவருடைய சொத்தையும் ______ பறித்தல் ஆகாது.
அந்தக் கோட்டில்தான் நின்றிருந்தேன்.
'தன்னிச்சையாக' என்கிறது அகராதி.
தட்டினேன். வாசித்தேன்.
அவள் தலையாட்டவில்லை.

"தன்னிச்சையா யாரு பறிச்சா?
ஆபீசர் வந்தாரு, சங்கிலி போட்டு அளந்தாரு,
பேப்பரு காட்டுனாரு, சீல் இருந்துச்சு.
எல்லாம் மொறையாத்தான் நடந்துது,
என்கிட்ட கேக்காம."

அழித்துவிட்டு
'கேட்காமல்' என்று போட்டுப் பார்த்தேன்.
சட்டம் சின்னதாகிவிட்டது.
கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தால்
பெரிதாகவும் தெரிந்தது.
வக்கீல் ஏசுவாரென்று
பழைய சொல்லையே திரும்ப வைத்தேன்.

அவர் வந்தார், கோட்டைக் கழற்றிக்கொண்டே.
"ஒரு பலத்துக்குத்தான் இதைச் சேர்க்கிறோம் ஆவுடைத்தங்கம்.
பிரகடனம் யாரையும் கட்டாது.
பின்னால் இரண்டு உடன்படிக்கை எழுதினார்கள்,
அதில் சொத்துரிமைக்கென்று ஒரு பிரிவு இல்லை.
நாடுகளுக்குள் ஒத்துவரவில்லை, விட்டுவிட்டார்கள்.
நம்ம நாட்டிலும்
அடிப்படை உரிமை வரிசையிலிருந்து எழுப்பி
முந்நூறுக்கு அந்தப் பக்கம் குடிவைத்திருக்கிறது."

அவள் சிரித்தாள். முதல் தடவையாக.
"அங்கயும் பங்காளிச் சண்டைதானா."

டீ வந்தது.
சொத்து விவரத்துக்கு வந்தோம்.

வடமால்: காட்டு ஓடைக்குத் தெற்கு.
தென்மால்: பஞ்சாயத்து ரோட்டுக்கு வடக்கு.
மேல்மால்: சுயம்புலிங்கம் பனைவிளைக்குக் கிழக்கு.
கீழ்மால்

"முப்பிடாதி வீட்டுக்கு மேற்குன்னு போடும்."

கிராமக் கணக்கைப் புரட்டினேன். அது புறம்போக்கு.
முப்பிடாதிக்குப் பட்டா இல்லை.
ரேஷன் கார்டு உண்டு,
ஓலையை எடுத்துவிட்டுத் தகரம் போட்டது உண்டு,
வாசலில் வேம்பு, வேம்பில் கட்டின ஆடு.
இந்த வழக்குக்கும் அவளுக்கும் சம்பந்தமில்லை.

"புறம்போக்குன்னுதான் எழுதணும்."

"பொறம்போக்கா அங்க சோறு பொங்குது?
பொறம்போக்குக்கா மூணு பிள்ளை பெறந்துது?
இப்பம் ஒண்ணு வாசிச்சீரே,
அதுல மொத வார்த்தை என்ன?"

மேலே உருட்டிக்கொண்டு போனேன்,
ஒன்பதாம் பத்தி வரைக்கும்.
ஒவ்வொருவருக்கும்.

வக்கீல் ஜன்னல் பக்கம் திரும்பி டீயை ஊதினார்.
வேண்டாமென்று சொல்லவில்லை.

கீழ்மால்: முப்பிடாதி வீட்டுக்கு மேற்கு.

கணவாய்க் காற்று மாடிக்குள் வந்தது.
அச்சிட்ட தாளைத் தூக்கப் பார்த்தது.
ஆவுடைத்தங்கம் பட்டாவை எடுத்து அதன்மேல் வைத்தாள்.
ஒன்பது பேர் கனம் போதவில்லை.
முழங்கையையும் ஊன்றிக்கொண்டு
எங்கே கையெழுத்து என்று கேட்டாள்.